கைராசி டாக்டர் பிசைந்த ஸ்லைம்

பள்ளியிலிருந்து போன் வந்தபோது டாக்டர் குலசேகரன் அன்றைய பதினோராவது கண்ணை முடித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சார், மேதாவனம் ஸ்கூல்லேர்ந்து பேசறோம். உங்க பொண்ணு நயனிகாவோட கை விஷயமா தாளாளர் உங்களை உடனே பார்க்கணும்கிறார்."

"கையா? எங்கயாவது விழுந்துட்டாளா?"

"இல்ல சார், பாப்பா நல்லா விளையாடிட்டிருக்கா. இது கை அறிக்கை விஷயம்."

அப்பாடா என்றிருந்தது. கை அறிக்கை என்றால் பரிசாகத்தான் இருக்கும். போன மாதம் தொண்ணூற்றேழு மதிப்பெண். குலசேகரன் சட்டையை மாற்றிக்கொண்டார். பரிசு வாங்கப் போகிறவர் போடும் சட்டை.

திருச்சியில் ஆட்டோவில் ஏறி 'கைராசி டாக்டர்' என்றால் போதும், விலாசம் கேட்கமாட்டார்கள். மற்ற ஊர்களில் கண்புரை ஆபரேஷனை இயந்திரக் கைகள் செய்ய ஆரம்பித்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. இங்கே மட்டும் ஜனங்கள் பஸ் பிடித்து இவரிடம் வந்தார்கள். இருபத்திரண்டாயிரம் கண்கள். கைராசி என்பது மருத்துவக் கல்லூரியில் சொல்லித்தரும் பாடமல்ல என்பதால் அதைப் பற்றி அவராகப் பேசுவதில்லை. பிறர் பேசினால் குறுக்கிடுவதும் இல்லை. வரவேற்பறையில் அவருடைய இரண்டு கைகளை மட்டும் பெரிதாகப் படமெடுத்துச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பார்வை திரும்பிய ஒரு பாட்டையா அதற்கு ஒரு சந்தன மாலையைப் போட்டுவிட்டுப் போனார். "உயிரோட இருக்கிற கைக்கு யாருங்க மாலை போடுவாங்க? கழட்டுங்க" என்று மனைவி பூரணி சொல்லிப் பார்த்தாள். மாலை அப்படியே இருந்தது.

குறை சொன்னவர் ஒரே ஒருவர், கீழே மருந்துக்கடை வைத்திருக்கும் ஜமால். "சார், உங்க எழுத்து வரவர எறும்பு சைஸுக்குப் போய்க்கிட்டிருக்கு. பூதக்கண்ணாடி வாங்கிட்டேன்." பெரிய டாக்டர் ஆக ஆக எழுத்து சின்னதாவது இயற்கை என்று குலசேகரன் நினைத்துக்கொண்டார்.

இனி அந்த ஸ்லைம் கதை.

ஒரு காலத்தில் அது வெறும் விளையாட்டுப் பொருள். வெள்ளைப் பசை, ஒரு சிட்டிகை சோடா உப்பு, கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் பத்துச் சொட்டு. கிண்டினால் கொழகொழவென்று ஒன்று உருவாகும். இழுத்தால் நீளும், ஊதினால் குமிழாகும், தலைமுடியில் ஒட்டினால் அம்மாவிடம் அடி கிடைக்கும். குழந்தைகள் அறிவியலைக் கையால் தொட்டுத் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. மலிவாக இருந்ததுதான் அதன் குறை. ஒரு கம்பெனி வந்து அந்தக் குறையை நீக்கியது. பசையில் கண்ணுக்குத் தெரியாத உணர்துகள்களைக் கலந்தார்கள். ஒவ்வொரு விரலும் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு இழுக்கிறது, எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் இருக்கும் போனுக்கு அது சொல்லிவிடும். பெயரையும் மாற்றினார்கள்: 'நுண்ணுணர் நெகிழ்மக் கற்றல் சாதனம்'. குழந்தைகள் ஸ்லைம் என்றே சொன்னார்கள்.

மேதாவனம் மழலையர் பள்ளி அதைக் கட்டாயமாக்கியது. வீட்டில் தினம் இருபது நிமிடம் பிசைய வேண்டும். வருகிற மதிப்பெண்ணை வைத்து அடுத்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் பிரிவு. மேலே 'விருட்சம்', நடுவில் 'செடி', கீழே 'முளை'. முளையில் போடப்பட்ட குழந்தை முளைத்து மேலே வந்ததாக வரலாறு இல்லை.

முதல் நாள் நயனிகா உற்சாகமாகப் பிசைந்தாள். இருபத்தொன்பது மதிப்பெண். குலசேகரன் அதிர்ந்துபோனார். கைராசி டாக்டரின் மகளுக்கு இருபத்தொன்பதா? விவரம் புரியாத குழந்தை வாத்து செய்கிறேன், தோசை வார்க்கிறேன் என்று நேரத்தை வீணாக்கியிருக்கிறாள். அந்தப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அன்றிலிருந்து தினமும் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சோபாவில் உட்கார்ந்து அவரே பிசைந்தார்.

"அப்பா, எனக்கு?"

"இது பரிட்சைடா கண்ணு. அப்பா பண்ணிடறேன். நீ சப்பாத்தி மாவு வெச்சு விளையாடு."

அதில் அவருக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. பள்ளி தரும் வீட்டுப்பாடத்தை, தெர்மாகோல் எரிமலையை, சூரியக் குடும்பத்தை அப்பா அம்மா செய்வதுதானே ஊர் வழக்கம். ஸ்லைம் மட்டும் என்ன விதிவிலக்கா?

தாளாளர் பரமானந்தம் பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சுவர் முழுக்கக் கேடயங்கள். பாதி அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டவை. வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. வெள்ளிக்கிழமை முதல் ஆபரேஷன் அவருடையதுதான். பக்கத்தில் நயனிகாவின் ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க டாக்டர் சார். கல்வி என்பது ஒரு கண்ணாடி..." என்று ஆரம்பித்த பரமானந்தம், ஸ்டெல்லா மிஸ் இருமியதும் நிறுத்திக்கொண்டார். "சரி, நேரா விஷயத்துக்கு வரேன். மனசைத் திடப்படுத்திக்குங்க."

திரையைத் திருப்பினார். ஒரு சிவப்புக் கோடு மேலும் கீழும் பல்லைக் காட்டியது.

'நயனிகா. வயது ஐந்து. வலது கை. இரண்டு பிசைவுகளுக்கு நடுவே கை ஓயும்போது நொடிக்கு ஐந்து நடுக்கம். பிசையப் பிசைய அழுத்தம் குறைகிறது. நரம்புச் சிதைவின் தொடக்கம். உறுதி: தொண்ணூற்று நான்கு சதவீதம்.'

குலசேகரன் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறை எழுத்துகள் தெரியவில்லை.

"பார்க்கின்சனா? அஞ்சு வயசுலயா? சான்ஸே இல்ல சார்."

"கம்பெனிக்காரங்களும் அதான் சொல்றாங்க, ரொம்ப அபூர்வம்னு. ஆராய்ச்சிக் கட்டுரையே போடப்போறாங்களாம்." பரமானந்தம் குரலைத் தாழ்த்தினார், ஆனாலும் அதில் ஒரு சிறிய பெருமிதம் தப்பி வந்துவிட்டது. "உலகத்துலயே சின்ன வயசு கேஸ் நம்ம மேதாவனத்துல."

"என்ன சார் பேசறீங்க?"

"மன்னிக்கணும். திங்கட்கிழமை இது அரசாங்க உடல்நலப் பதிவேட்டுக்குப் போயிடும். அது சட்டம். அப்புறம் பாப்பாவுக்குக் காப்பீடு கிடையாது, விளையாட்டு கிடையாது. டாக்டருக்குப் படிக்கணும்னாலும், கை சம்பந்தப்பட்ட வேலைக்கெல்லாம்... அதான். எங்க பக்கத்துலேர்ந்து நாங்க அவளை முளைக்கு மாத்திடுவோம்."

ஐந்து வயது. இன்று காலை தானே ஷூ லேஸ் கட்டிக்கொண்டு, வில் மாதிரி முடிச்சைக் காட்டி, பாரு பாரு என்று குதித்தாள்.

"சார்," என்றார் ஸ்டெல்லா மிஸ். "வகுப்புல அவ கை நல்லா இருக்கு சார். மணி கோர்க்கறதுல அவதான் ஃபர்ஸ்ட். நான் செஞ்சு குடுக்கற சாதா ஸ்லைம்ல நூல் மாதிரி இழுத்துக் காட்டுவா, அறுக்காம."

"சாதா ஸ்லைம் கணக்குல வராது மிஸ்," என்றார் பரமானந்தம். "வீட்டுல பிசைஞ்சதுதான் பதிவு."

வீட்டில் பிசைந்தது.

குலசேகரன் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "அது அவ கை இல்ல சார்!"

"என்னது?"

"நான்! நான்தான் பிசைஞ்சேன்! தினமும் நான்தான். முதல் நாளுக்கப்புறம் அவ அதைத் தொட்டதே இல்ல!" சிரித்தார். கண்ணில் நீர் கொட்டியது. மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி, "என் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல சார், அது பூரா என் கை!" என்று ஜெயித்தவர் போலக் கூவினார்.

யாரும் சிரிக்கவில்லை.

பரமானந்தம் தன் நல்ல கண்ணால் மேஜையைப் பார்த்தார். ஸ்டெல்லா மிஸ் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார். அவர்கள் பார்த்த இடத்தைக் குலசேகரனும் பார்த்தார்.

இடது கை சும்மா இருந்தது. வலது கையின் கட்டைவிரல் ஆள்காட்டி விரலோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை மெல்ல உருட்டிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு எந்த உத்தரவும் கொடுக்கவில்லை. மாணவனாக இருந்தபோது இந்த அறிகுறியையும், எழுத்து சிறுத்துக்கொண்டே போவதையும் பரிட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறார்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் சார்," என்றார் பரமானந்தம், மிகவும் பணிவாக. "வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு டிரஸ்ட் மீட்டிங் இருக்கறதே மறந்துட்டேன். நம்ம கண்ணைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமா?"

கைராசி அந்த வாக்கியத்தோடு முடிந்தது. இருபத்திரண்டாயிரம் கண்ணில் கட்டியது, ஒரு கண்ணில் இடிந்தது.

ஆனால் பரமானந்தம் கெட்ட மனிதர் அல்ல, நிர்வாகி. ஸ்டெல்லா மிஸ்ஸை வெளியே அனுப்பிவிட்டு முன்னால் சாய்ந்தார். "நீங்க சொன்னது இந்த ரூமோட இருக்கட்டும். எழுத்துல குடுத்தீங்கன்னா பதிவு உங்க பேருக்கு மாறும். மறுநாளே மெடிக்கல் கவுன்சில் உங்களைக் கத்தியைக் கீழ வைன்னுடும். குடுக்கலைன்னா பாப்பா பேர்லயே இருக்கும். குழந்தைதானே, பத்து வயசுல மறுபரிசோதனை வரும், அப்போ சரியாயிடுச்சுன்னு போட்டுக்கலாம். நீங்க மாத்திரை போட்டுக்கிட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். என்னை விடுங்க, ஊருக்கு நீங்க வேணும். திங்கட்கிழமை காலைக்குள்ள சொல்லுங்க."

இதைக் கேட்டதும் அவரை அறைந்திருக்க வேண்டும். குலசேகரன் "யோசிச்சு சொல்றேன்" என்றார். தன் வாயிலிருந்தா அது வந்தது என்று மாடிப்படி இறங்கும்போதுதான் திடுக்கிட்டார்.

படிக்கட்டின் கீழே ஸ்டெல்லா மிஸ் காத்திருந்தார்.

"சார், ஒண்ணு கேட்கவா? முதல் நாள் பாப்பா தானா பிசைஞ்சாளா?"

"ஆமா. இருபத்தொம்பது."

"என் கிளாஸ்ல முப்பத்திரண்டு பிள்ளைங்க. முப்பத்தோரு வீட்டுல அப்பா அம்மாதான் பிசையறாங்க. இந்த ஸ்லைம் வந்த முதல் வருஷத்துலேர்ந்தே அப்படித்தான் சார், எல்லா ஊர்லயும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த மெஷின் கத்துக்கிச்சு. அஞ்சு வயசுக் கை எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியாது."

"அந்த முப்பத்திரண்டாவது?"

"ஆயிஷா. அவங்க வீட்டுல டிபன் கடை. பெத்தவங்களுக்கு நேரமில்ல, பிள்ளையே பிசைஞ்சுது. முப்பத்தொண்ணு மார்க்." ஸ்டெல்லா மிஸ் வறட்சியாகச் சிரித்தார். "வளர்ச்சி குறைபாடுன்னு முளையில போட்டுட்டாங்க. நான் சொல்லிப் பார்த்தேன். ஆதாரம் கேட்டாங்க. எந்த அப்பா சார் எழுதிக் குடுப்பாரு?"

பாலிடெக்னிக்கில் வேதியியல் சொல்லித்தரும் பூரணி அன்று மாலை வீடு திரும்பியதும் குலசேகரன் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு நோயாளியின் கதை போலச் சொன்னார். முடிவில் அவர் கேட்டார்:

"பூரணி, நீ எப்பவாவது அதைப் பிசைஞ்சிருக்கியா?"

"நீங்க கொடைக்கானல் மாநாட்டுக்குப் போனீங்களே, அந்த மூணு நாள். மார்க் எண்பத்தஞ்சுக்கு இறங்கிடுச்சுன்னு வந்து குதிச்சீங்க."

"மூணு நாள்தானா? நல்லா யோசிச்சுப் பாரேன். நான் தாமதமா வந்த நாள்ல எல்லாம்..."

பூரணி அவரையே பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

"நானா இருக்கணும்னு வேண்டிக்கறீங்களா?"

குலசேகரன் போனைத் தேடி எடுத்தார்.

அவள் போனை வாங்கி அறிக்கையைத் திறந்து அந்த மூன்று தேதிகளைத் தேடினாள். மூன்று நாளும் கோடு குளத்துத் தண்ணீர் போலச் சமமாகக் கிடந்தது. அதற்கு முன்னும் பின்னும் பற்கள். போனை அவர் மடியில் வைத்துவிட்டுக் காய் நறுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் பட்டியலை அவர் ரத்து செய்தார். மைக்ரோஸ்கோப் ரிப்பேர் என்று நர்ஸைச் சொல்லச் சொன்னார்.

"மைக்ரோஸ்கோப்பா ரிப்பேர்?" என்றாள் பூரணி.

சனிக்கிழமை மத்தியானம் அவர் அவளுக்கு விளக்க முற்பட்டார். நோயாளிகளின் உறவினருக்குச் சொல்லும் அந்த நிதானமான குரல். "அஞ்சே அஞ்சு வருஷம்தான் பூரணி. மறுபரிசோதனையில போயிடும். மாத்திரைக்குக் கை அடங்கிடும். சின்னச் சின்ன கேஸா மட்டும் எடுத்துக்கறேன்."

"ஏதாவது ஒரு கண்ணு போச்சுன்னா?"

அவர் வலது கையை இடது கைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அதையும் அவ பேர்லயே எழுதிடலாமா?"

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நயனிகா சமையலறைத் தரையில் கடை பரப்பியிருந்தாள். ஒரு கிண்ணம், பசை, சோடா உப்பு, அப்பாவின் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த லென்ஸ் திரவம்.

"அப்பா, ஸ்டெல்லா மிஸ் ஸ்லைம் பண்ணலாம் வா. நீ சொட்டு ஊத்து. பத்துதான் ஊத்தணும்."

பத்துச் சொட்டு. கண்ணுக்குள் முடியளவு ஓட்டையில் வேலை செய்கிற கை. குலசேகரன் புட்டியைச் சாய்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் கை உதறியது. சர்ரென்று கால் புட்டி கிண்ணத்தில் இறங்கிவிட்டது. நயனிகா கிண்டிப் பார்த்தாள். கட்டியாகி, இழுத்தால் பட்டென்று அறுந்தது.

"போச்சு, ரப்பர் ஆக்கிட்டே!"

"ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்டார், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"பசைக்குள்ள நீள நீளமா நூல் இருக்கும்ப்பா, சேவை மாதிரி. இந்தத் தண்ணி ஊத்தினா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை புடிச்சுக்கும். அதான் இழுத்தா வருது. நிறைய ஊத்தினா ரொம்ப இறுக்கிப் புடிச்சுக்கும், அப்புறம் ஆடவே முடியாது. மிஸ் சொன்னாங்க." புட்டியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். "நீ தள்ளு, நான் ஊத்தறேன்."

புதுக் கிண்ணத்தில் அவளே ஊற்றினாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, எண்ணி, பத்து. கை கல்லில் செதுக்கியது போல நின்றது. குலசேகரன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவள் அலமாரியைக் காட்டினாள். அங்கே பள்ளியின் ஸ்லைம் டப்பா இருந்தது. "அப்பா, இன்னிக்கு மட்டும் அந்தப் பரிட்சை ஸ்லைமை நான் தொடட்டுமா?"

அவர் எடுத்துக் கொடுத்தார். போனைப் பக்கத்தில் வைத்தார். நயனிகா இரண்டு கையையும் உள்ளே விட்டாள். பிசைந்தாள், வாத்து செய்தாள், தோசை வார்த்தாள், ஒரு குமிழை ஊதி டப் என்று உடைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். மூன்று நிமிடம் ஆனதும் போன் கீச்சிட்டு ஒரு பெண் குரலில் பேசியது:

"எச்சரிக்கை. இப்போது பிசைவது மாணவி நயனிகா அல்ல. முறைகேடு பதிவு செய்யப்பட்டது. தயவுசெய்து மாணவியை அழைத்து வரவும்."

நயனிகாவின் சிரிப்பு பாதியில் நின்றது. போனைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, நான்தானே நயனிகா?"

அடுப்படியில் நின்றிருந்த பூரணி திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது.

"நீதான்டா," என்றார் குலசேகரன். "நீதான். அதுக்குத் தெரியல."

"நீ சொல்லேன் அதுகிட்ட."

அவர் எழுந்து போய்க் காகிதமும் பேனாவும் எடுத்துவந்து அங்கேயே தரையில் உட்கார்ந்தார். கைநடுக்கத்தில் தாள் நகர்ந்து நகர்ந்து போனது.

"நான் புடிச்சுக்கறேன்," என்று நயனிகா ஸ்லைம் அப்பிய கையைத் தாளின் அடியில் பதித்து அழுத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பரமானந்தம் அந்தக் கடிதத்தை வாங்கி வலது கண்ணருகே கொண்டுபோனார். இடது கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதல் வரி அரிசி அளவில் தொடங்கி, கடைசி வரி எள்ளளவில் முடிந்திருந்தது.

"ஒரு எழுத்தும் தெரியலையே டாக்டர் சார். நீங்களே படிச்சிடுங்க."

கதவு திறந்திருந்தது. வெளியே கிளார்க்கும் இரண்டு பெற்றோரும் நின்றிருந்தார்கள். ஒருவர் கண்ணில் இவர் வைத்த லென்ஸ்தான் இருந்தது. ஸ்டெல்லா மிஸ் வருகைப் பதிவேட்டுடன் வாசலில் நின்றார். குலசேகரன் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். பிசைந்தது நான். நடுங்குவது என் கை. இந்தப் பள்ளியின் பதிவில் இருப்பவை பெரும்பாலும் பெற்றோரின் கைகள். தானே பிசைந்த குழந்தையைத்தான் நீங்கள் முளையில் போட்டிருக்கிறீர்கள். இன்று முதல் நான் அறுவை சிகிச்சை செய்வதில்லை.

வெளியே நின்ற பெற்றோரில் ஒருவர் தன் இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

பரமானந்தம் கடிதத்தைத் திருப்பி வாங்கினார். கோப்பில் வைக்கப் போனவர், தாளின் அடியில் பளபளத்துக் காய்ந்திருந்த ஐந்து சின்ன விரல்களின் தடத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது மட்டும் நல்லா தெரியுது. என்ன சார் இது?"

"அதுதான் சார் நயனிகாவோட கை," என்றார் குலசேகரன். "பதிவுல ஏத்திக்குங்க."